நூறு சுற்று

செஞ்சி டெலிபோன் எக்சேஞ்சில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்த ஆபரேட்டரை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. என்னைவிட ஐந்து வயது மூத்தவள். ஏழு வருஷ சர்வீஸ். "அக்கா, இந்த லைன்ல யாருமே பேசமாட்டேங்கறாங்க" என்று நான் மூன்று தடவை சொல்லியிருப்பேன். அவள் பாட்டுக்குத் தன் போர்டைப் பார்த்துக்கொண்டு, இணைப்பு ஒயரை எடுத்துச் செருகி, சீட்டில் நேரம் எழுதிக்கொண்டிருப்பாள். எழுந்து போய் எதிரில் நின்றால்தான் நிமிர்ந்து பார்ப்பாள். பார்த்துவிட்டால் நல்ல சிரிப்பு. "இன்னாம்மா" என்பாள். கேட்டது ஒன்றுக்கு மூன்றாகப் பதில் சொல்வாள். ஆனால் பக்கத்திலிருந்து கூப்பிட்டால் ஒன்றும் வராது. கவர்மென்ட் வேலை கிடைத்ததும் தலை கனத்துவிட்டது என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள். தளவானூரில் சொந்தமாக ஒரு காணி நிலம்கூட இல்லாத வீட்டிலிருந்து முதன்முதலாக வேலைக்கு வந்தவள் அவள். அந்தப் பேச்சில் அதுவும் கலந்திருந்தது. நான் அதையெல்லாம் யோசிக்கவில்லை. திமிர் பிடித்தவள் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

அந்த நினைப்பு ஆறு மாதம்கூட நிற்கவில்லை. வேலையில் அவளைப் பார்த்தால் யாருக்கும் நிற்காது.

அப்போது செஞ்சியில் எண்ணைச் சுழற்றினால் தானாகப் போய்ச் சேருகிற போன் வரவில்லை. ஊரில் யார் ரிசீவரை எடுத்தாலும் எங்களிடம்தான் வர வேண்டும். வெளியூர் என்றால் டிரங்க் கால். புக் செய்துவிட்டுக் காத்திருப்பார்கள்; லைன் கிடைத்ததும் நாங்கள் இணைப்போம்; மூன்று நிமிஷம் ஆனதும் நடுவில் புகுந்து, நீட்டிக்கட்டுமா என்று கேட்போம். தலையில் எட்டு மணி நேரமும் ஹெட்செட். ஒரு காதை மட்டும் அழுத்திக்கொண்டிருக்கும் கறுப்பு வட்டம். மறு காது சும்மா இருக்கும். மதியத்துக்கு மேல் காது மடல் சிவந்து வலிக்க ஆரம்பித்ததும் நாங்கள் எல்லோரும் வட்டத்தை அடுத்த காதுக்கு மாற்றிக்கொள்வோம். அக்கா மட்டும் மாற்ற மாட்டாள். காலையில் எந்தக் காதில் மாட்டினாளோ சாயங்காலம் வரை அதே காது.

அந்தக் காது என்ன காது. மண்டிக்காரர் ஒருவர் பேச வாயைத் திறக்குமுன் விடுகிற மூச்சிலேயே யார் என்று சொல்லிவிடுவாள். ஈரம் இறங்கின லைன் கொரகொரவென்று ஒரு விதமாக இரையும் என்பாள்; மரக்கிளை உரசுகிற லைன் வேறு விதம். லைன்மேன்கள் சைக்கிளை எடுக்குமுன் அவளிடம் வந்து, "எந்தப் பக்கம்னு சொல்லும்மா" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். ஒருமுறை சுவர்க்கடிகாரம் நின்றுபோனது. சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா நான்கு கால்களை மூன்று மூன்று நிமிஷத்தில் முடித்திருந்தாள். அவர் நம்பாமல் ஐந்தாவதைத் தன் கடிகாரத்தில் பார்த்தார். அவள் "மூணு நிமிஷம் ஆச்சிங்க" என்று சொன்னபோது நொடிமுள் பன்னிரண்டைத் தாண்டி ஒரே ஒரு கோடு நகர்ந்திருந்தது. "தெனம் அம்பது அறுவது மூணு நிமிஷம் பாக்கறேன். உள்ளாரயே ஓடுது" என்றாள், ஏதோ குறை சொல்வதுபோல.

அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை செஞ்சியிலேயே தாலுகா ஆபீசில் கிளார்க். பீரங்கிமேட்டுப் பக்கம் ஒரு போர்ஷனில் குடியேறினோம். கல்யாணமான மூன்றாம் மாதம் அவர் ஒரு தகரப் பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டி, தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். மாற்றலாகிப் போகிற ஒரு அதிகாரி சாமான்களைக் குறைப்பதற்காகக் கொடுத்தாராம். திறந்தால் நாற்பதுக்கு மேல் இசைத்தட்டுகள். வயலின், நாகசுரம், வீணை, கொஞ்சம் சினிமாப் பாட்டு.

"பிளேயர் எங்க?" என்று கேட்டேன்.

"அதை அவர் எடுத்துட்டுப் போயிட்டார்."

எட்டு மாதம் அந்தத் தட்டுகள் எங்கள் வீட்டில் ஊமையாக இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஒவ்வொன்றாக உறையிலிருந்து எடுத்து, ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, மெல்லிய துணியால் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். நடுவில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் ராகம், தாளம் எல்லாவற்றையும் சத்தமாகப் படிப்பார். பிறகு உறைக்குள் போட்டுவிடுவார். எனக்குச் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும்.

கடைசியில் பிளேயர் வாங்குவது என்று முடிவானது. அதில்தான் எங்களுக்குள் முதல் சண்டை வந்தது. அவருடைய ஆபீஸ் நண்பர்கள், தட்டுக் காலம் முடிந்துவிட்டது, கேசட் போடுகிற டேப் ரிகார்டர் வாங்கு என்றார்கள். இல்லை, நாற்பது தட்டை வைத்துக்கொண்டு கேசட் வாங்கினால் மடத்தனம் என்றார் இவர். அது சரிதான். ஆனால் கூடவே ஹெட்போனும் வாங்க வேண்டும் என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரரின் பெண் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். சத்தமாக வைக்க முடியாது.

"ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எனக்கா?" என்றேன். "எட்டு மணி நேரம் தலையில மாட்டிட்டு வரேன். வீட்டுக்கு வந்தும் மாட்டிக்கணுமா? நான் மாட்டேன்."

"நீ மாட்ட வேணாம்."

"அப்ப நீங்க மட்டும் கேப்பீங்க. நான் சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கணும்."

இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் எக்சேஞ்சில் சாப்பாட்டு வேளையில், எதிரில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த அக்காவிடம் இதைச் சொன்னேன். "எந்த மாரி பொட்டி வாங்கப் போறீங்க?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "கேக்காம வாங்கக் கூடாது. நானும் வரேன். எனக்கும் ஒண்ணு பாக்கணும். பஸ்ஸுல வரப்ப கேக்கறதுக்கு, சின்னதா" என்றாள். தளவானூரிலிருந்து அவள் வருகிற பஸ் ஊர் ஊராக நின்று வரும். காதில் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கிற குட்டி டேப்பை எவனோ ஒரு காலேஜ் பையனிடம் பஸ்ஸில் பார்த்திருக்கிறாள். ஒரு மாதமாக மனசில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது என்றாள்.

இரண்டாம் சனிக்கிழமை தாலுகா ஆபீசுக்கு லீவு. நாங்கள் இரண்டு பேரும் வேறு ஆட்களோடு டூட்டியை மாற்றிக்கொண்டோம். திருவண்ணாமலையிலிருந்து வரும் பாண்டிச்சேரி பஸ்ஸைப் பிடித்தோம். அக்கா இடப்பக்க ஜன்னலோரம்தான் வேண்டும் என்று அங்கே உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவைக் கெஞ்சி எழுப்பி உட்கார்ந்தாள். நான் அவளுக்கு வலப்பக்கம். அன்றைக்கு வழி முழுக்க அவ்வளவு பேசினாள். இவர் முன்சீட்டில் ஒரு வயலின் தட்டைத் துண்டில் சுற்றி, இரண்டு கையாலும் மடியில் பிடித்துக்கொண்டு வந்தார். நமக்குத் தெரிந்த தட்டைப் போட்டுக் கேட்டால்தான் பிளேயரின் லட்சணம் தெரியும் என்று யாரோ சொன்னார்களாம். அந்தத் தட்டை அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்பதை நான் ஞாபகப்படுத்தவில்லை.

பாண்டிச்சேரியில் முதலில் நுழைந்தது கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடை. விற்பனையாளர் பளபளவென்று இருந்த ஒரு புதுப் பிளேயரைக் காட்டினார். மேலே புகை நிற மூடி, முன்பக்கம் சிவப்பும் பச்சையுமாக விளக்குகள். எங்கள் தட்டைப் போட்டார். எட்டு மாதம் ஊமையாக இருந்த அந்தத் தட்டிலிருந்து வயலின் எழுந்து வந்ததும் இவருடைய கண் கலங்கிவிட்டது. எனக்கும் உடம்பு சிலிர்த்தது. "இதையே எடுத்துக்கலாம்" என்றார் இவர்.

அக்கா தலையைச் சாய்த்து, வலது பக்கத்தை ஸ்பீக்கருக்குக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். "சார், கொஞ்சம் இருங்க. இது அழுவுது."

"என்ன அழுவுது?" என்றார் விற்பனையாளர்.

"நீட்டா இழுக்கறாரே, அந்த எடத்துல லேசா ஆடுது."

"அது கமகம்மா. கர்நாடக சங்கீதத்துல அப்படித்தான் இருக்கும்."

அக்கா கோபப்படவில்லை. சங்கீதம் அவள் படித்ததில்லை. அதை மறைக்கவும் இல்லை. "எனக்கு அது தெரியாதுங்க. ஆனா தட்டு ஒருவாட்டி சுத்தி வரப்பல்லாம் ஒருவாட்டி அழுவுது. கமகம்னா கணக்கா சுத்துக்கு ஒண்ணு வருமா?"

அவர் வேறொரு தட்டைப் போட்டார். கடையின் சொந்தத் தட்டு, நாகசுரம். அதிலும் சுற்றுக்கு ஒரு முறை அதே ஆட்டம். இப்போது சொல்லிக் காட்டியதால் எனக்கும் கேட்டது. சொல்லாவிட்டால் ஆயுசுக்கும் கேட்டிருக்காது. விற்பனையாளர் முகம் சுண்டிப்போய், வேறு மாடல் அடுத்த வாரம் வரும் என்றார். வெளியே வந்ததும் இவர் சொன்னார்: "நான் தனியா வந்திருந்தா அழுவற பொட்டியைத் தூக்கிட்டு வந்திருப்பேன்."

இரண்டாவது கடை ஒரு சந்துக்குள் இருந்தது. பாதி கடை, பாதி ரிப்பேர் பட்டறை. நாற்பது வயதிருக்கும் ஒருவர் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் தட்டோடு வந்திருப்பதைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். அவரிடம் புதிதும் பழையதுமாக நான்கைந்து இருந்தன. அக்கா நேராகக் கேட்டாள்: "ஒரு நிமிசத்துக்கு எத்தினி சுத்து சுத்தணும்?"

"பெரிய தட்டுன்னா முப்பத்து மூணு. கூட ஒரு சுத்துல மூணுல ஒரு பங்கு."

அவள் கொஞ்ச நேரம் உதட்டை அசைத்தாள். "அப்ப மூணு நிமிசத்துக்குச் சரியா நூறு."

கடைக்காரர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், இப்படி யோசித்ததில்லை என்றார். அக்கா பஸ் டிக்கெட்டைக் கிழித்து, தட்டின் நடுக் காகிதத்தில் ஒரு துணுக்கை எச்சில் தொட்டு ஒட்டினாள். இவர் கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். முதல் பிளேயர் ஓடியது. துணுக்கு அவளைக் கடக்கும்போதெல்லாம் அவள் விரல் மேஜையில் ஒரு தட்டு தட்டியது. கடிகாரத்தைப் பார்க்காமலே அவள் "மூணு நிமிசம்" என்றாள். இவர் அதே நொடியில் நிமிர்ந்தார். "தொண்ணூத்தாறு" என்றாள் அக்கா.

"அடியில ஒரு திருகாணி இருக்கு, திருப்பினா ஏறும்" என்றார் கடைக்காரர்.

"எங்க ஊர்ல சாயங்காலமானா பம்புசெட்டெல்லாம் ஓடும். கரண்ட்டு எறங்கிடும். அப்ப இது இன்னும் கொறையுமா?"

கடைக்காரர் மேஜைக்கு அடியிலிருந்து கரண்ட்டைக் கூட்டிக் குறைக்கிற ஒரு கனத்த பெட்டியை இழுத்து, பிளேயரை அதில் செருகி, குமிழை மெதுவாகத் திருப்பினார். கடை பல்பையும் அதில் மாட்டியிருந்ததால் அது மங்கிக்கொண்டே வந்தது. எங்கள் வீட்டு ஏழு மணி வெளிச்சம் வந்ததும் "இதான் செஞ்சி" என்றேன். நிறுத்தினார். வயலின் தூக்கக் கலக்கத்தில் வாசிப்பதுபோல் தொய்ந்து போயிருந்தது.

பிறகு ஒரு மூலையிலிருந்து வேறொன்றைத் தூக்கி வந்தார். பார்க்க ஒன்றுமே இல்லை. விளக்கு கிடையாது, பழுப்பு மரப்பெட்டி, ஒரு பக்கம் கீறல். சுற்றுகிற வட்டம் மட்டும் முழு இரும்பு, கையில் எடுத்தால் அம்மிக்கல் மாதிரி. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை ஒருவர் கேசட் பக்கம் போவதற்காகக் கொடுத்துவிட்டுப் போனாராம். ஊசியை மட்டும் புதிதாக மாற்றியிருந்தார். அதை ஓட விட்டார். அக்காவின் விரல் மேஜையில் தட்டியது. மூன்று நிமிஷம். நூறு. குமிழைத் திருப்பி பல்பு மங்கின பிறகு மறுபடி எண்ணினாள். நூறு.

"இது அழுவல" என்றாள் அக்கா. இவர் பேரம்கூடப் பேசவில்லை. கடைக்காரரே வலியக் குறைத்துக்கொண்டு, சிறிய ஆம்ப்ளிஃபயர் ஒன்றையும் ஸ்பீக்கரையும் பொருத்திக் கொடுத்தார்.

இவர் பின்பக்கம் நின்று அட்டைப்பெட்டியில் வைக்கோல் திணிக்க உதவிக்கொண்டிருந்தபோது கடைக்காரர் இரண்டு மூன்று ஹெட்போன்களை எங்கள் முன் வைத்தார். ஒன்று லேசானது, பஞ்சு ஒட்டியது, குட்டி டேப்போடு வருகிற மாதிரி. இன்னொன்று பெரியது, இரண்டு பக்கமும் கிண்ணம்போல. எனக்குத் தொடவே பிடிக்கவில்லை. மாட்டிப் பாருங்களேன் என்றார். மாட்டினேன்.

எக்சேஞ்ச் ஹெட்செட் காதை அழுத்தும். இது காதை உள்ளே வைத்துக்கொண்டது. சந்துச் சத்தம் போய்விட்டது. வயலின் வலப்பக்கம், எனக்கு ஒரு முழம் தள்ளி இருந்து வாசிக்கிற மாதிரி. மிருதங்கம் இடப்பக்கம். நடுவில் எங்கிருந்தோ தம்பூரா. வருஷக்கணக்காக என் காதில் விழுந்ததெல்லாம் அடுத்தவர் வீட்டுச் சாவுச் செய்தியும் கொள்முதல் விலையும் மாமியார் சண்டையும்தான். ஒரு பொருளை மாட்டிக்கொண்டு யாருக்கும் எதுவும் இணைத்துக் கொடுக்காமல் சும்மா கேட்டுக்கொண்டிருக்கலாம் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. வீட்டில் போட்ட சண்டையை நினைத்து வெட்கப்பட்டேன்.

கழற்றி அக்காவிடம் கொடுத்தேன். அவள் மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். கொஞ்ச நேரம் கழித்து, "நல்லாருக்குது. ஆனா மிருதங்கக்காரர் எங்க போயிட்டாரு?" என்றாள்.

"இருக்காரே, இடது பக்கம்" என்றேன்.

அவள் கண்ணைத் திறந்தாள். ஹெட்போனைக் கழற்றி, இடவலமாகத் திருப்பி மாட்டினாள். மறுபடி கேட்டாள். அவள் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். "இப்ப மிருதங்கம் மட்டும்தான் இருக்குது" என்றாள் மெல்ல.

கடைக்காரர் ஹெட்போனில்தான் கோளாறு என்று நினைத்து வேறொன்றை எடுக்கப் போனார். "வேணாங்க. எனக்கு இது சரிப்படாது. அவங்களுக்குக் குடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே போய் சந்தில் நின்றுகொண்டாள்.

நான் அந்தப் பெரிய ஹெட்போனையே வாங்கினேன். ஏன் என்று யோசிக்கக்கூட இல்லை. என் மனசு வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. மாற்றாத காது. பக்கத்திலிருந்து கூப்பிட்டால் திரும்பாத தலை. பஸ்ஸில் ஜன்னலோரம்.

திரும்பும் பஸ்ஸில் திண்டிவனம் தாண்டினதும் அக்கா தானாகச் சொன்னாள்.

"எடது காது கேக்காது. வேலைக்குச் சேந்த மொத வருசத்துலயே போயிடுச்சி."

அந்த வருஷம் ஐப்பசி மாதம். மேல்மலையனூரில் அமாவாசைக் கூட்டம். மழை கட்டிக்கொண்டு வந்தது. இடி இடித்தால் ஹெட்செட்டைக் கழற்றிவிட வேண்டும், மின்னல் லைனில் இறங்கினால் காதுக்கு ஆபத்து என்று எங்களுக்கு முதல் நாளே சொல்லித் தந்திருந்தார்கள். எல்லோரும் கழற்றினார்கள். அவளும் கழற்றப் போனாள். அந்த நேரம் மேல்மலையனூரிலிருந்து ஒருவர் திண்டிவனத்துக்கு கால் கேட்டார். கூட்டத்தில் பிள்ளையைக் காணோம். ஊருக்குத் திரும்பிய உறவுக்காரர்களோடு பஸ் ஏறிவிட்டதா என்று கேட்க வேண்டும்.

"அழுதுகிட்டே பேசுனாரு. எப்பிடி ஹெட்செட்டைக் கழட்டறது? ஒரு நிமிசம்னு நெனச்சேன். லைன் கெடச்சி, பிளக்கு போட்டேன். காதுல சாட்டையால அடிச்ச மாரி ஒண்ணு. அப்பறம் அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல."

"புள்ள கெடச்சிதா?"

"கெடச்சிது. அவங்களோடதான் போயிருந்துது. நான்தான் வலது காதுல மாத்திகிட்டு, கெடச்சிடுச்சின்னு அவருக்குச் சொன்னேன்."

யாரிடமும் சொல்லவில்லை. ஆபரேட்டருக்குக் காது போய்விட்டது என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம். அந்தச் சம்பளத்தில் அப்போது வீட்டில் ஏழு பேர் சாப்பிட்டார்கள். மழை நாளில் முதல் இடி தூரத்தில் உறுமினதுமே, சூப்பர்வைசர் சொல்லுமுன், அக்கா எழுந்து வரிசையாக எங்கள் எல்லோர் தலையிலிருந்தும் ஹெட்செட்டைப் பிடுங்கி எடுப்பாள். முரட்டுத்தனம் என்று அதற்கும் அவளைத் திட்டியிருக்கிறோம். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். முன்சீட்டில் இவர் வைக்கோல் பெட்டியைக் கட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

இரண்டு மாதம் அந்த ரகசியம் எங்கள் இருவருக்குள் இருந்தது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அவளை அழைத்துப் போனேன். டாக்டர் சோதித்துவிட்டு, இடது காது திரும்பாது, வலது காது மிக நன்றாக இருக்கிறது, அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு மறுநாள் காலை அவளே சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றாள். நான் கதவுக்கு வெளியே நின்றேன்.

அவர் சீட்டை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "எத்தனை வருஷமா?"

"எட்டு வருசமாங்க."

"இந்த எட்டு வருஷத்துல உன் மேல ஒரு கம்ப்ளெயின்ட் வந்ததில்லையேம்மா." கொஞ்சம் யோசித்தார். "போர்டு கேக்கறது ஒரு காதுதானே. அது உனக்கு நல்லா இருக்கு." பிறகு எழுந்து வந்து எங்கள் நாற்காலிகளைப் பார்த்தார். அவளை வரிசையின் இடது கோடிக்கு மாற்றினார். அங்கே உட்கார்ந்தால் அவளுக்கு இடப்பக்கம் சுவர்தான். நாங்கள் எல்லோரும் வலப்பக்கம். வலது காதில் வட்டம் இருந்தாலும், நாங்கள் கையை ஆட்டினால் கண்ணில் படும். எட்டு வருஷப் பயம் ஐந்து நிமிஷத்தில் முடிந்துபோனது. அன்று சாப்பாட்டு வேளையில் அவள் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் சிரித்துக்கொண்டே இருந்தாள். மற்ற பெண்கள் ஒவ்வொருவராக வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். யாரும் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. ஒருத்தி தன் டப்பாவிலிருந்து சீத்தாப்பழம் எடுத்து உரித்துக் கொடுத்தாள்.

குட்டி டேப் வாங்கும் ஆசை மறுபடி வந்தது அதற்குப் பிறகுதான். பள்ளிவாசல் தெருவில் ரேடியோ ரிப்பேர் செய்கிற பாய் ஒருவர் இருந்தார். அவருடைய மச்சான் சவுதியிலிருந்து கொண்டுவந்த வாக்மேன்கள் இரண்டு அவரிடம் இருந்தன. அக்கா இரண்டையும் காதோரம் வைத்து வெறுமனே ஓடவிட்டுக் கேட்டாள். ஒன்றில் உள்ளே பல்சக்கரம் நெறநெறத்தது. மற்றதை எடுத்துக்கொண்டு, "பாய், ரெண்டு பக்கத்துப் பாட்டும் ஒரே காதுல வரணும். செஞ்சி குடுக்க முடியுமா?" என்று கேட்டாள்.

"எல்லாரும் ஸ்டீரியோ ஸ்டீரியோன்னு கேக்கறாங்க. நீங்க அதை ஒண்ணாக்கச் சொல்றீங்களே."

"எனக்கு ஒரு காதுதான் பாய்." இப்போது அவளுக்கு அதைச் சொல்வதில் தடங்கலே இல்லை.

பாய் வேறு எதுவும் கேட்கவில்லை. ஹெட்போனின் முனையைப் பிரித்து, இரண்டு குட்டிச் சாமான்களை வைத்துப் பற்றவைத்து, தானே ஒரு பக்கம் மட்டும் காதில் வைத்துச் சரிபார்த்துவிட்டுக் கொடுத்தார். வேலைக்குக் கூலி வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அவருடைய வீட்டுக்கு எந்த ஊர் கால் வந்தாலும் அக்கா லைனை விடாமல் பிடித்துக் கொடுப்பாள் என்பது அவருக்குத் தெரியும்.

அதன் பிறகு ஊரில் அவளுக்கு இன்னொரு வேலை வந்து சேர்ந்தது. கல்யாணச் சீருக்கு டேப் ரிகார்டர் வாங்குகிறவர்கள், ரேடியோ மாற்றுகிறவர்கள் எல்லோரும் அக்காவை ஒரு நடை கூப்பிட்டுப் போனார்கள். பார்க்கப் பளபளப்பாக இருப்பதை அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்று சொல்வாள்; அதையும் கடைக்காரரைத் தலைகுனிய வைக்காமல் சொல்வாள். எங்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். நானும் இவரும் முறைவைத்துக் கேட்கும் அந்தப் பெரிய ஹெட்போன் பக்கம் போகமாட்டாள். வீட்டுக்காரர் பெண்ணின் பரீட்சை முடிந்திருந்தது. ஸ்பீக்கரிலேயே போடச் சொல்லி, தட்டின் ஒரு பக்கம் முழுதும் அசையாமல் கேட்டுவிட்டு எழுந்து போவாள்.

இரண்டு வருஷத்தில் இவருக்குக் கள்ளக்குறிச்சிக்கு மாற்றலானது. நானும் மாற்றல் வாங்கிக்கொண்டு போனேன். போன ஒரு மாதத்தில் அக்காவிடமிருந்து ஒரு இன்லேண்ட் லெட்டர் வந்தது. எக்சேஞ்ச் செய்தியெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் மடிக்கிற ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்தாள். அவளுடைய கணவர் பஸ் கண்டக்டர். செஞ்சியில் எல்லோரிடமும் சொன்னவள், வீட்டில் அவரிடம் மட்டும் காது விஷயத்தை இத்தனை வருஷமாகச் சொல்லவில்லையாம்; போன வாரம்தான் சொன்னாளாம். அவர், அப்போ நான் இடது பக்கம் உட்கார்ந்து பேசினபோதெல்லாம் நீ கோபத்தில் பதில் சொல்லாமல் இருக்கவில்லையா என்று கேட்டாராம். இல்லை என்றாளாம். கல்யாணமான நாளிலிருந்து அவர் தன் மேல் என்ன தப்பு என்று யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறார். இப்போது வலப்பக்கம் வந்து உட்கார்ந்து, பழைய பாக்கியெல்லாம் சேர்த்துப் பேசிக்கொண்டிருக்கிறார் என்று எழுதியிருந்தாள்.